அப்பா படத்துக்குக் கீழே ஒரு தேதி

உயிரோடு, என் பக்கத்து நாற்காலியில், முறுக்கு கடித்துக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு, அவர் இறந்த தேதியை நான் போட்டுக் காட்டியிருக்கிறேன். கோபத்தில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, நல்ல எண்ணத்தோடு, கம்ப்யூட்டர் திரையில், கறுப்புப் பெட்டிக்குள். கூட என் அத்தையும் இருந்தாள். சாட்சி இல்லாமல் முட்டாள்தனம் செய்யும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்குக் கேட்டலாக் எழுதிக்கொண்டிருந்தேன். 'குறைந்த மின்னழுத்தத்திலும் தளராது இயங்கும்' என்பது போன்ற வாக்கியங்கள் என் கைவண்ணம். அந்தத் தகுதிக்காக நான் படித்திருந்த நாவல்களின் பட்டியலைச் சொன்னால் கம்பெனியில் பயந்திருப்பார்கள். கம்பெனிக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்து, தலையணை அளவு புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். படித்தேன். பித்துப் பிடித்தது. வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, எங்கள் குடும்பத்துக்கே கேட்டலாக் போட ஆரம்பித்தேன்.

ஆளுக்கு ஒரு பக்கம். பெரியப்பாவின் பக்கத்தில் காங்கேயம் தோட்டம் என்று ஒரு சொல் வந்தால், அதைத் தொட்டதும் தோட்டத்தின் பக்கம் திறக்கும். அதில் கிணறு வந்தால் கிணற்றின் பக்கம். எதையும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், சேர்க்கலாம். அமெரிக்காவில் இந்த மாதிரி ஒன்றுக்கு விக்கி என்று பெயர் வைத்திருப்பதாகவும், அங்கே ஊரே கூடித் திருத்துவதாகவும் ஒரு பத்திரிகையில் படித்தேன். என்னுடையதைத் திருத்தவும் நான்தான், படிக்கவும் நான்தான். என் மனைவி அதை "உங்க ரேசன் கார்டு" என்பாள்.

படங்கள்தான் பிரச்சினை. பெரிதாகப் போட்டால் பக்கம் முழுவதையும் பெரியப்பாவின் மீசையே அடைத்துக்கொண்டது. சிறிதாகப் போட்டால் மீசை இருப்பதே தெரியவில்லை. ஆகவே நானே ஒரு வித்தை செய்தேன். தபால்தலை அளவுப் படத்தைத் தொட்டால் திரை முழுவதும் கறுப்பாகும். நடுவில் அந்த முகம் மட்டும் பெரிதாக எழும். ஓரத்தில் ஓர் அம்புக்குறி. அதைத் தொட்டால் அடுத்த ஆள். கறுப்பில் எங்கே தொட்டாலும் எல்லாம் மூடிக்கொண்டு பழைய பக்கம் வந்துவிடும். இதற்கு இப்போது லைட்பாக்ஸ் என்று பெயராம். வெளிச்சப் பெட்டி! என் வீட்டில் அதற்கு அந்தப் பெயரை யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

படங்களை ஸ்கேன் செய்யக் காந்திபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த டிடிபி கடைக்குப் போனேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று பலகை போட்டிருந்தாலும் மூன்றாவதுதான் அங்கே முக்கியத் தொழில். ஊர்ச் சுவர்களில் கைகூப்பிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கடை வழியாகப் போனவர்கள். நான் மேசையில் பரப்பிய நாற்பது படங்களைக் கடைக்காரர் பார்த்தார். குரல் தானாகத் தணிந்தது.

"ஏனுங்க சார், எல்லாம் ஒரே குடும்பமுங்களா?"

"ஆமாங்க."

"பஸ்ஸுங்களா, வேனுங்களா?"

விபத்து எதுவும் இல்லை, பாதிப் பேர் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்படீங்களா, சந்தோசமுங்க" என்றார். முகத்தில் ஏமாற்றம் இல்லை, பொறுமை இருந்தது. ஆனால் கைப்பழக்கம் யாரை விடும்? நாற்பது முகங்களையும் முட்டை வடிவத்தில் வெட்டி, ஓரத்தைப் புகைபோலக் கரைத்து, பின்னால் வானத்து நீலம் பூசிக் கொடுத்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது.

அதோடு நிற்காமல் என் கைப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. பம்ப் கேட்டலாக்கில் ஒரு விதி உண்டு: எல்லா மாடலுக்கும் எல்லாக் கட்டமும் இருக்க வேண்டும். விவரம் இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடலாம்; எடுத்துவிடக் கூடாது. அதே விதிப்படி ஒவ்வொரு முகத்துக்கும் கீழே நான்கு கட்டம் வைத்தேன்: பெயர், ஊர், தோற்றம், மறைவு. கடைசி இரண்டு வார்த்தைகளையும் எந்தச் சுவரிலிருந்து எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, சொவத்துல ஒட்டறதாட்டவே இருக்குதுங்களே" என்றாள். அவளுக்கு அழகுணர்ச்சி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாசியில் பெரியப்பா போய்விட்டார். காங்கேயம் தோட்டத்திலேயே, தென்னை மரங்களுக்கு நடுவே, கட்டிலில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு மூன்று வயது மூத்தவர். காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள், காலியாக இருந்த அவருடைய கடைசிக் கட்டத்தில் தேதியை நிரப்பினேன். ஒரு கட்டம் நிறைந்ததில் கேட்டலாக்காரனுக்கு வரும் திருப்தி எனக்கு வந்தது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக என்னை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் உத்தரவாதம் இல்லை என்றார்கள். அப்பா மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். மெஷினைப் பிரித்தால் திரும்ப மாட்டும்போது ஒரு நட்டாவது மிஞ்சும் என்பது அவருடைய வாழ்க்கை அனுபவம். ஒரு மாதம் கெஞ்சிய பிறகு தலையை ஒரு முறை ஆட்டினார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை, கொடுமுடியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. கோயில் திருநீறும், ஒரு பாட்டிலில் காவிரித் தண்ணீரும் கொண்டுவந்திருந்தாள். அண்ணனின் மனதைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பலாம் என்று அவள் சொல்ல, திருப்ப என்னிடம் ஒரு பொருள் இருக்கிறதே என்று நான் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

முதலில் தாத்தா எழுந்தார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்து சின்னத் தாத்தா. அடுத்து பெரியப்பா. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அப்படியே கூப்பிடறாப்புல இருக்குது" என்றாள். அப்பா முறுக்கை மெல்லுவதை நிறுத்தினார். சூழ்நிலையை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் சட்டென்று அம்புக்குறியைத் தொட்டேன். மூத்தவருக்கு அடுத்து இளையவர். எங்கள் வீட்டில் பந்தியில் இலை போடுவதும் அதே வரிசையில்தான். அப்பா வந்தார். முட்டை வடிவத்தில், புகைக்கு நடுவே, வானத்து நீலத்தில். தோற்றம்: அவர் பிறந்த வருஷம். மறைவு: மாசி மாதத்துத் தேதி.

"அய்யோ சாமி! என்றா கண்ணு இது? அண்ணனுக்குத் தேதி போட்டிருக்குது!"

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, நிதானமாகப் படித்தார்.

"மூணு மாசமாச்சா? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

"அது பெரியப்பா தேதிங்கப்பா. அழியாம நின்னுபோச்சுங்க."

நடந்தது இதுதான். கட்டத்தில் விவரம் இருந்தால் எழுது என்று கம்ப்யூட்டரிடம் சொல்லியிருந்தேன். விவரம் இல்லாவிட்டால் முன்னால் இருந்ததை அழி என்று சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமலா இருந்தேன்? மூன்று பேரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தாத்தா, சின்னத் தாத்தா, பெரியப்பா. மூன்று பேரும் இறந்தவர்கள், மூன்று பேருக்கும் தேதி இருந்தது, சரியாக வந்தது. போனவர்களை வைத்துச் சோதித்துவிட்டு இருப்பவர்களுக்கும் சரியாக வரும் என்று நம்பியவன் நான்.

சாப்பிட்டு எழுந்தபோது அப்பா சொன்னார்: "டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போடு. ஆபரேசன் வேண்டாம்னு. போனவனுக்கு எதுக்கு ஆபரேசன்?"

சிரித்தோம். திங்கட்கிழமை காலையில்தான் அது சிரிப்பல்ல என்று தெரிந்தது. அவரே டாக்டருக்குப் போன் செய்து முடித்துவிட்டிருந்தார்.

"ஆளாளுக்குக் காலப் புடிச்சு ஒத்துக்க வெச்சோம்" என்று அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பொட்டியத் தொறந்து காட்டிக் கெடுத்துப்போட்டியே சாமி! படிச்சவன் பண்ற வேலையா இது?" காவிரித் தண்ணீரை மானிட்டர் மேல் தெளிக்க வந்தாள். கரண்ட் அடிக்கும் என்று தடுத்தேன். கீபோர்டில் தெளித்தாள். அன்றிலிருந்து இரண்டு விசைகள் சேர்ந்து சேர்ந்து விழுந்தன.

தவறைத் திருத்த ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது. திருத்தி, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறைவு என்ற சொல்லுக்கு எதிரே இப்போது ஒன்றும் இல்லை.

"எடம் உட்டு வெச்சிருக்கறே" என்றார்.

"எல்லாருக்கும் அப்படித்தானுங்கப்பா. எனக்கும் இருக்குதுங்க."

"காட்டு."

தேடி எடுத்துத் தொட்டேன். அதுவரை என் படத்தை நான் கறுப்பில் பார்த்ததில்லை. வந்தது. கரைந்த ஓரத்தோடு, எங்கோ தொலைவில் நல்லபடியாக இருப்பவனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "உனக்கு எடுப்பா இருக்குது" என்று சொல்லி எழுந்து போனார்.

அப்பா படத்தையாவது அந்த முட்டையிலிருந்து மீட்கலாம் என்று டிடிபி கடைக்குத் திரும்பவும் போனேன். ஆபரேஷன் விஷயத்தையும், அவர் மறுப்பதையும் சொன்னேன். "நல்லபடியா ஒத்துக்குவாருங்க, நல்லபடியா வந்துருவாருங்க" என்று கடைக்காரர் ஆறுதல் சொன்னார். "படம் இங்கயே இருக்கட்டுமுங்க, பாத்துச் செய்யறேன்." கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்து அப்பாவின் படத்தையும் விவரத்தையும் எடுத்தே விட்டேன்.

சனிக்கிழமை மதியம் அப்பா தானாகவே அந்த அறைக்கு வந்தார். வெயில் திரையில் அடிக்காமலிருக்க ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன்.

"ஓட்டு, பாக்கலாம்."

தாத்தா. சின்னத் தாத்தா. பெரியப்பா. பெரியப்பாவிடம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விரலால் ஜாடை காட்டினார். அம்புக்குறியைத் தொட்டேன். ஆளை எடுத்த நான் அவருடைய வரிசை எண்ணை எடுக்க மறந்திருந்தேன். அந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை. முகம் இல்லை, கட்டம் இல்லை. வெறும் கறுப்பு. அறையே இருண்டது. அந்தக் கண்ணாடிக் கறுப்பில், மெல்ல, வெள்ளை மீசையோடு ஒரு முகம் தெரிந்தது.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டனுங்கப்பா."

"நாந்தான் தெரியறேன்."

நான் மூட வேண்டும் என்று கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமல் பேசினார்.

"அண்ணனை எரிச்சுட்டு வந்து எல்லாரும் குளிக்கறதுக்கு நின்னாங்கல்ல? மோட்டார் போடறதுக்கு நாந்தான் போனேன். சுச்சுப் போட்டேன். தண்ணி உழுகற சத்தம் கேட்டுது. இங்க வந்து புடிச்சுது." நெஞ்சைத் தொட்டார். "நீ கேட்டலாக் எழுதுனயே, அந்த மோட்டாரு மேலதான் சாஞ்சேன். பொறகு சத்தம் நின்னுபோச்சு. கறுப்பு. இதே கறுப்பு. எத்தன நேரம்னு தெரீலே. மறுக்காத் தண்ணிச் சத்தம் கேட்டுது, எந்திரிச்சு வந்து குளிச்சேன். சாவு ஊட்டுல போய் இதைச் சொல்றதான்னு உட்டுப்போட்டேன். நீ போட்ட தேதி தப்பில்லே."

மூன்று மாதமாக அந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். வாயில்லாத என் பெட்டி அதைப் போட்டுடைத்துவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"மயக்க ஊசி போட்டா மறுபடியும் இதுக்குள்ளதான போகோணும்" என்றார். "ஒருக்கா வந்துட்டேன். மறுக்காவும் வருவனான்னு தெரீலே."

இந்த இடத்தில் படித்தவன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மரணத்தைப் பற்றி நான் படித்து வைத்திருந்தவை ஒரு அலமாரி இருக்கும். கேட்டலாக்காரனின் வாய்தான் திறந்தது: "கறுப்பு மேல எங்க வேணுமின்னாலும் தொடுங்கப்பா. மூடிக்குமுங்க."

மவுஸை அவர் கைக்குள் வைத்தேன். தொட்டார். கறுப்பு போயிற்று. வெள்ளைப் பக்கத்தில் எங்கள் எல்லோருடைய பெயரும் நீல எழுத்தில் வரிசையாக வந்தது. மறுபடி திறக்கச் சொன்னார். திறந்தேன். மூடினார். பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும். திறக்க நான், மூட அவர். போகும்போது ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் என் மனைவியிடம், "அம்மணி, ஆஸ்பத்திரிக்கு வேணுங்கற துணிமணிய எடுத்து வெச்சுப்போடு" என்றார்.

மோட்டார் அறை விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் என்னைத்தான் திட்டினார். அந்த வாரமே செய்துவிடலாம் என்றார். உள்ளே கொண்டுபோகும்போது அப்பா என் கையைத் தேடிப் பிடித்து, சுட்டுவிரலால் உள்ளங்கையில் ஒரு முறை தட்டினார்; மவுஸைத் தட்டுவதைப் போல. கதவு மூடியது.

ஆறு மணி நேரம் ஆகும் என்றார்கள். இரண்டாவது மணி நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. காலையில் கிளம்பும் முன் அப்பாவின் படத்தைப் பழையபடி சேர்க்கலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டு அந்தக் காலி இடத்தைத் திறந்தவன், ஆட்டோ வந்துவிட்டது என்று ஓடி வந்திருந்தேன். அந்தக் கறுப்பை மூடினேனா? நான் பகுத்தறிவுவாதி. பேய், சகுனம், பல்லி எதற்கும் மசியாதவன். கீழே போய் ஒரு ரூபாய் பெட்டிப் போனில் வீட்டுக்கு அழைத்தேன். அத்தை எடுத்தாள்.

"அத்தை, கம்ப்யூட்டர் ரூமுக்குப் போய்ப் பாருங்க. பொட்டி கறுப்பா இருக்குதுங்களா?"

"நான் அந்த ரூமுக்குள்ள போகமாட்டேன் சாமி."

"அப்பாவுக்காகப் போங்க அத்தை."

காலடிச் சத்தம் போயிற்று. அடுத்த காசைப் போட்டேன். திரும்பி வந்தாள்.

"கறுப்பாத்தான் கண்ணு இருக்குது."

"அணைஞ்ச கறுப்புங்களா, எரியற கறுப்புங்களா?"

"கறுப்புல என்ன கண்ணு ரெண்டு கறுப்பு?"

பின்னால் வரிசையில் நின்ற பெண்மணி ஒரு அடி விலகி நின்றாள். "அத்தை, பக்கத்துல வாலு வெச்ச சோப்பாட்ட ஒண்ணு இருக்கும். அதும்பட மூக்கை அமுத்துங்க." மறுபடி காலடிச் சத்தம். கடைசிக் காசு விழுந்தது. காவிரிக்கரையில் ஐம்பது வருஷம் பயமில்லாமல் முங்கிக் குளித்தவள் அந்த அறைக்குள் போகும் சத்தத்தை நான் போன் வழியாகக் கேட்டேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓடி வந்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க கண்ணு! பேரு வரிசையா வந்துருச்சு. அண்ணன் பேரும் இருக்—"

இணைப்பு அறுந்தது. நான் போனை வைத்துவிட்டு அதன் மேல் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றேன். மாலை நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, முகமூடியை இறக்கி, "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு மறைவு என்ற கட்டத்தை எல்லோருடைய படத்திலிருந்தும் எடுத்தேன். கேட்டலாக் விதியை நான் மீறியது அந்த ஒரு முறைதான். பிறகு கால் கிலோ மைசூர்பா வாங்கிக்கொண்டு, அங்கே விட்டுவைத்த படத்தை வாங்க டிடிபி கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் உண்மையாகவே மகிழ்ந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "படத்தக் கேட்டீங்கல்ல, இருக்குதுங்க" என்று மானிட்டரை என் பக்கம் திருப்பினார்.

கண்ணீர் அஞ்சலி. நடுவில் அப்பா. நான் கேட்டபடியே முட்டை வடிவம் இல்லை. தோட்டத்துத் தென்னைகள் பின்னால் தெளிவாகத் தெரிந்தன. பெயர், ஊர், கீழே எங்கள் குடும்பத்தார் என்று எல்லாம் தயார். தேதி மட்டும் காலி.

"பெரிய ஆபரேசன்னு சொன்னீங்களா, கடேசி நேரத்துல நீங்க அலையக் கூடாதுன்னு செஞ்சு வெச்சுப்போட்டனுங்க."

அழித்துவிடுங்கள் என்றேன். அவர் மவுஸில் கையை வைத்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அழிக்கச் சொன்னா அழிச்சரலாமுங்க சார். ஆனா எப்படியும் வேணுமுங்களே."